ரம்மேஜ்: கலைத்தலா, அடுக்குதலா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிவரும் ஆங்கிலச் சொல் விளக்கப் பகுதியில் சென்ற வாரம் 'ரம்மேஜ்' (rummage) என்னும் சொல் எடுத்துக்கொள்ளப்பட்டிருந்தது. ஒரு பொருளைத் தேடும் அவசரத்தில் மற்றவற்றையெல்லாம் தாறுமாறாகக் கலைத்துப் போடுவதே அதன் பொருள் என்றும், தமிழில் அதைக் 'கிளறுதல்' எனலாம் என்றும், கப்பல்களில் மாலுமிகள் ரம் பீப்பாய்களைத் திருட்டுத்தனமாகத் தேடியதிலிருந்து அச்சொல் பிறந்தது என்றும் அதில் கூறப்பட்டிருந்தது. முதற்கூற்று இன்றைய வழக்கைப் பொறுத்தவரை சரிதான் என்றாலும் பாதிப் பொருளையே தருகிறது. இரண்டாவது கூற்று முற்றிலும் தவறு. சென்னைத் துறைமுகத்தை ஒட்டிய கப்பல் முகவர் அலுவலகம் ஒன்றில் பணிபுரிந்து ஓய்வுபெற்றவன் நான். இச்சொல்லை அகராதியில் பார்ப்பதற்கு முன்பே தொழிலில் கேட்டுப் பழகியவன் என்ற முறையில் இது குறித்துச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன்.

ரம் கதையை முதலில் முடித்துவிடலாம். கரும்புப் பாகிலிருந்து காய்ச்சப்படும் அந்தச் சாராயம் மேற்கிந்தியத் தீவுகளில், குறிப்பாக பார்படோஸில், 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் பேர் பெற்றது. அப்போது அதற்கு 'ரம்புல்லியன்' என்று பெயர். 1650ஐ ஒட்டிய எழுத்துகளில்தான் அப்பெயர் தென்படத் தொடங்குகிறது. ரம் என்பது அதன் சுருக்கமாகவே கருதப்படுகிறது. 'ரம்மேஜ்' என்னும் சொல்லோ 1520களிலேயே ஆங்கில எழுத்தில் ஏறிவிட்டது. மகள் பிறந்து நூறாண்டுக்கு மேலான பின்பு தாய் பிறந்தாள் என்று சொல்வதைப் போன்றது இது. ஒலி ஒத்திருப்பதை மட்டும் வைத்துக்கொண்டு கட்டப்படும் சொற்பிறப்புக் கதைகள் எல்லா மொழிகளிலும் உண்டு. நம்மிடையேயும் அவற்றுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அச்சேறும்போது ஆண்டுக் கணக்கையேனும் பார்த்துவிட்டு ஏற்ற வேண்டாமா?

அச்சொல்லின் உண்மையான வேர் பழைய பிரெஞ்சு மொழியில் இருக்கிறது. கப்பலின் உட்கிடங்கில் சரக்கை இடமறிந்து அடுக்குவதற்கு அம்மொழியில் 'அருமே' என்றும், அவ்வாறு அடுக்கும் வேலைக்கு 'அருமாஜ்' என்றும் பெயர். அதன் நடுவே நிற்பது, உட்கிடங்கைக் குறித்த ஒரு ஜெர்மானியச் சொல். டச்சு மொழியில் கப்பலின் சரக்கு அறைக்கு இன்றும் வழங்கும் 'ராய்ம்' என்பதும், இடம் என்னும் பொருளில் ஜெர்மன் மொழியில் வழங்கும் 'ரவும்' என்பதும், ஆங்கிலத்தின் 'ரூம்' என்பதும் அதே குடும்பத்தைச் சேர்ந்தவை. திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் ரூம் தேடி அலையும் இளைஞர் 'ரம்மேஜ்' செய்கிறார் என்று யாரேனும் சொன்னால், வேர்ச்சொல் அளவில் அதை மறுக்க இடமில்லை.

சொல்லின் ஈற்றில் உள்ள 'ஏஜ்' என்னும் விகுதியும் பிரெஞ்சு வழியாக வந்ததே. துறைமுகத்தில் பில் எழுதியவர்களுக்கு இந்த விகுதி நன்றாகப் பழக்கமானது. வார்ஃபேஜ் (துறைமேடைக் கட்டணம்), பைலட்டேஜ் (கப்பலுக்கு வழிகாட்டும் கட்டணம்), டெமரேஜ் (தாமதக் கட்டணம்), ஸ்டோவேஜ் (சரக்கடுக்கு) என்று ஒரு கப்பலின் கணக்கு முழுவதையும் அதுவே ஆட்டிவைக்கிறது. கப்பலின் கொள்ளளவைக் குறிக்கும் சொல்லையும் (tonnage), சரக்குக்கு அடியிலும் இடையிலும் போடும் மரக்கட்டை, பாய் முதலியவற்றைக் குறிக்கும் சொல்லையும் (dunnage) தமிழில் எழுதினால் இரண்டும் 'டன்னேஜ்' என்றே அமைந்துவிடுவதால், எங்கள் அலுவலகத்தில் தமிழில் குறிப்பெழுதுபவர்கள் இரண்டாவதைக் 'கட்டை டன்னேஜ்' என்று பிரித்து எழுதுவதுண்டு. இந்த வரிசையில் வைத்துப் பார்க்கும்போதுதான் 'ரம்மேஜ்' தன் சொந்த வீட்டில் இருக்கிறது. அது துறைமுகத்துக் கணக்கர்களின் சொல். திருடர்களின் சொல் அன்று.

சொல்லின் முதலில் இருந்த அகரம் ஆங்கிலத்துக்குள் வந்தபோது உதிர்ந்துவிட்டது. 'டிஃபென்ஸ்' என்பதன் தலை போய் வேலியைக் குறிக்கும் 'ஃபென்ஸ்' ஆனதும், 'டிஸ்போர்ட்' என்பதன் தலை போய் 'ஸ்போர்ட்' ஆனதும் இவ்வாறே. நாம் இதற்கு நேர் எதிராகச் செய்பவர்கள் என்பது தமிழ் வாசகருக்குச் சுவையாக இருக்கும். ரகரத்தில் தொடங்கும் வேற்றுமொழிச் சொல்லுக்கு முன்னால் அ, இ, உ என்னும் மூன்று குறில்களில் ஒன்று வரும் என்று நன்னூல் வகுத்திருப்பதற்கு ஏற்ப, அரங்கன், இராமன், உரோமம் என்று முன்னே ஓர் உயிரைச் சேர்த்துக்கொள்வது நம் மரபு. பிரெஞ்சுக்காரரிடமிருந்து இச்சொல்லை நாம் நேரே வாங்கியிருந்தால் தலையைக் கிள்ள வேண்டிய தேவையே நமக்கு நேர்ந்திராது.

அடுக்குதல் என்பதே முதற்பொருள் என்பதற்குச் சான்று வேண்டுமாயின், ரிச்சர்ட் ஹக்லூயிட் தொகுத்து 1598 முதல் 1600 வரை வெளியான ஆங்கிலேயர் கடற்பயணத் தொகுப்பைப் பார்க்கலாம். கப்பல் தலைவர்கள் 'ரோமேஜிங்' (ரம்மேஜின் அக்கால வடிவம்) வேலையில் கருத்தாக இருக்க வேண்டும் என்றும், அவர்கள் அதில் சற்றுச் சிரமம் எடுத்துக்கொண்டால் இப்போது கொண்டுவருவதைவிட மிகுதியான சரக்கைக் கொண்டுவரலாம் என்றும் அதில் ஒரு குறிப்பு வருகிறது. மற்றோர் இடத்தில், சரக்குகளை அவற்றுக்குரிய இடங்களில் வரிசைப்படுத்தி வைப்பதற்கென்று தேர்ந்த மாலுமி ஒருவரை அமர்த்த வேண்டும் என்று கூறப்படுகிறது. அந்த மாலுமிக்கு 'ரோமேஜர்' என்று பெயர். கவனியுங்கள்: கலைப்பவரை அன்று, அடுக்கத் தெரிந்தவரையே தேடி வேலைக்கு வைக்கச் சொல்கிறார்கள். இன்று ஒருவரை 'ரம்மேஜர்' என்று அழைத்தால் அவர் கோபித்துக்கொள்வார். அன்று அது சம்பளத்துக்குரிய பதவி.

அந்த வேலை எத்தகையது என்பதை விளக்காமல் சொல்லின் பெருமையை உணர்த்த இயலாது. ஐரோப்பியக் கப்பல்கள் அக்காலத்தில் ஏற்றிய சரக்குகளில் முதன்மையானது பீப்பாய். பிரான்சின் போர்தோவிலிருந்து இங்கிலாந்துக்குப் போன திராட்சை மது, 252 காலன் கொள்ளும் 'டன்' என்னும் பெரும் பீப்பாய்க் கணக்கில் சென்றது. ஒரு கப்பல் இத்தகைய பீப்பாய்களில் எத்தனை கொள்ளும் என்று அளந்ததிலிருந்தே கப்பலின் டன் கணக்கு தோன்றியது. பீப்பாய் பார்ப்பதற்கு உருண்டையாக இருந்தாலும் அடுக்குவதற்கு மிகவும் பிடிவாதமான பொருள். அதன் அடைப்பு மேல்நோக்கி இருக்க வேண்டும். அதன் புடைத்த வயிற்றுப் பகுதி தரையையோ பக்கத்துப் பீப்பாயையோ தொடாமல் அந்தரத்தில் நிற்கும்படி, இரு முனைகளுக்கும் சற்று உள்ளே கட்டைகளை வைத்துத் தாங்க வேண்டும். ஆப்பு அடித்து உருளாமல் இறுக்க வேண்டும். வயிற்றில் பாரம் விழுந்தால் பலகைகள் விரிந்து ஒழுகும். கீழ் வரிசையில் ஒன்று ஒழுகினாலும், புயலில் ஒன்று கட்டவிழ்ந்து உருண்டாலும், அதன் மேலுள்ளவை அனைத்தும் கெடும்.

பீப்பாயோடு முடிவதில்லை. கனமானது கீழே, இலேசானது மேலே என்பது எளிய விதி. அதனோடு, முதல் துறைமுகத்தில் இறக்க வேண்டியது கடைசியாக ஏற வேண்டும் என்னும் விதியும் சேர்ந்துகொண்டால் இரண்டும் ஒன்றையொன்று மறுக்கத் தொடங்கும். வாசனை பிடிக்கும் சரக்கை வாசனை வீசும் சரக்கோடு வைக்கக் கூடாது. சென்னையிலிருந்து தோல் ஏற்றுமதி மிகுந்திருந்த காலத்தில், தோல் கட்டு இருக்கும் கிடங்கில் தேயிலைப் பெட்டியை வைக்கச் சொன்னால் ஹேட்ச் ஃபோர்மன் (கிடங்கு வாயிலில் சரக்கேற்றத்தை மேற்பார்ப்பவர்) கையெடுத்துக் கும்பிட்டுவிடுவார். நனைந்த பொருள், தானே சூடாகும் பொருள், நசுங்கும் பொருள் என்று ஒவ்வொன்றுக்கும் தனி நியாயம் உண்டு. அடுக்கியபின் சந்துகளில் வீணாகும் இடத்துக்குத் தனிக் கணக்கே உண்டு. ஹக்லூயிட் தொகுப்பில் வரும் குறிப்பு, சிரமம் எடுத்தால் இன்னும் சரக்குக் கொண்டுவரலாம் என்று சொல்வது இந்தச் சந்துகளைப் பற்றித்தான்.

சென்னைக்கு இதில் ஒரு தனி நெருக்கம் உண்டு. 1881இல் துறைமுகம் பயன்பாட்டுக்கு வருவதற்கு முன்பு கப்பல்கள் கரையிலிருந்து எட்டித் திறந்த கடலிலேயே நங்கூரமிட்டன. கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளில்தான் சரக்கு அலைகளைக் கடந்து கரை சேர்ந்தது. ஆடிக்கொண்டிருக்கும் கப்பலின் வயிற்றிலிருந்து ஆடிக்கொண்டிருக்கும் படகுக்குச் சரக்கை இறக்கும்போது, வேண்டிய மூட்டை கைக்கு எட்டும் இடத்தில் இல்லையென்றால் என்ன நேரும் என்று சொல்லத் தேவையில்லை. மேலே இருப்பவற்றை நகர்த்தி, ஒதுக்கி, மீண்டும் அடுக்கித்தான் அதை எடுக்க முடியும்.

பொருள் மாறியதன் சூட்சுமமும் இந்த நகர்த்தலில்தான் இருக்கிறது. உட்கிடங்கில் உள்ளவற்றை நகர்த்தி, வேண்டாதவற்றை அகற்றி, சரக்கு நன்றாக அமரும்படி வழிசெய்வதையும் 17ஆம் நூற்றாண்டு மாலுமிகள் இதே சொல்லால் குறித்தனர். நகர்த்துவது அடுக்குவதற்காகவும் இருக்கலாம், தேடுவதற்காகவும் இருக்கலாம். 1610களில், பொருள்களை இடம்மாற்றிக் கப்பலின் கிடங்கைத் துருவித் தேடுதல் என்னும் பொருள் எழுத்தில் தோன்றிவிட்டது. கப்பலிலிருந்து இறங்கிய அச்சொல் பிறகு வீட்டுக்குள் புகுந்து, பெட்டியையும் இழுப்பறையையும் பிடித்துக்கொண்டது. இடையில் அதற்குப் 'பரபரப்பு', 'ஆரவாரம்' என்னும் பொருளும் இருந்தது. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்தின் முதற்காட்சியில், போர் ஆயத்தத்தால் நாடெங்கும் நிலவும் அவசரத்தைச் சொல்லும் ஹொரேஷியோ 'ரோமேஜ்' என்னும் சொல்லையே ஆள்கிறான். சரக்கேறும் நேரத்தில் கப்பல்துறையைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பொருள் விரிவு வியப்பளிக்காது.

அடுக்கும் சொல் கலைக்கும் சொல்லாக மாறியதற்கு ஆங்கிலேயரின் கவனக்குறைவைக் காரணமாகச் சொல்வோர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தேடுபவருக்குத் தம் தேடலின் ஒழுங்கு தெரியும். தேடப்படும் இடத்துக்கு உரியவருக்குத் தம் பொருள்கள் இடம் மாறிக் கிடப்பது மட்டுமே தெரியும். சொல்லுக்குக் கடைசியில் நிலைத்த பொருள் இரண்டாமவர் வாயிலிருந்து வந்ததாகவே நான் கருதுகிறேன். 'ரேன்சாக்' என்னும் சொல்லின் வரலாறும் இதற்கு ஒத்தாசையாக நிற்கிறது. ஸ்காண்டிநேவியரின் பழைய நார்ஸ் மொழியில் 'ரன்' என்றால் வீடு. 'சாகா' என்றால் தேடுதல். களவுபோன பொருளுக்காக ஒரு வீட்டைச் சோதனையிடுதல் என்னும் நேர்மையான பொருளில்தான் அச்சொல் ஆங்கிலத்துக்குப் புறப்பட்டது. இன்று அது சூறையாடுதலைக் குறிக்கிறது. வீட்டுக்காரர் என்ன நினைத்தார் என்பது அதிலிருந்து விளங்கவில்லையா?

மூலப்பொருள் இன்னும் உயிரோடிருக்கும் ஓர் இடமும் உண்டு. அது நமக்கு அயலான இடமும் அன்று. போர்த்துகீசிய மொழியில் 'அருமார்' என்னும் வினைச்சொல் நாள்தோறும் வழங்குகிறது. அதற்கு ஒழுங்குபடுத்துதல், எடுத்து அடுக்கி வைத்தல் என்று பொருள். படுக்கையைச் சரிசெய்வதற்கும் அறையை ஒழுங்குபடுத்துவதற்கும் லிஸ்பனில் உள்ள தாய் தன் பிள்ளையிடம் அதே சொல்லைத்தான் சொல்வாள். ஒரே வேரில் தோன்றிய இரு சொற்களில் ஒன்று அறையை அடுக்கச் சொல்கிறது, மற்றொன்று அறையைக் கலைக்கிறது. 16ஆம் நூற்றாண்டில் நம் சாந்தோமில் குடியேறி வணிகம் செய்த போர்த்துகீசியர் தங்கள் கப்பல்களில் சரக்கேற்றியபோது அச்சொல் இந்தக் கரையிலும் ஒலித்திருக்கும். அவர்கள் நமக்கு விட்டுச்சென்ற சொற்களில் சாவியும் ஜன்னலும் மேசையும் அலமாரியும் அடங்கும். 'அருமார்' மட்டும் நம் வாயில் ஒட்டவில்லை. ஒட்டியிருந்தால் அலமாரியும் அதை அடுக்கும் வேலையும் ஒரே ஊரிலிருந்து வந்தவையாக இருந்திருக்கும்.

இனி, தங்கள் பகுதியில் விடுபட்டுப்போன இன்றைய பொருளுக்கு வருகிறேன். சுங்கத் துறையினர் கப்பலில் செய்யும் சோதனைக்கு 'ரம்மேஜ்' என்பதே இன்றளவும் தொழிற்பெயர். 1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 106ஆம் பிரிவு, கடத்தலுக்குப் பயன்படுத்தப்பட்டதாக நம்புவதற்குக் காரணம் உள்ள கப்பல், விமானம், வாகனம் ஆகியவற்றை நிறுத்தி, அவற்றின் எந்தப் பகுதியையும் 'ரம்மேஜ்' செய்து தேடுவதற்கு உரிய அதிகாரிக்கு உரிமை அளிக்கிறது. சாவி தர மறுத்தால் பூட்டை உடைக்கவும் அப்பிரிவு இடமளிக்கிறது. சட்டத்தை எழுதியவர்கள் 'தேடுதல்' என்னும் சொல்லை அருகிலேயே வைத்துக்கொண்டும் 'ரம்மேஜ்' என்பதைத் தனியாகச் சேர்த்திருப்பதைக் கவனிக்க வேண்டும். தாறுமாறாகக் கலைக்கும் உரிமையைச் சட்டம் யாருக்கும் எழுதிக் கொடுப்பதில்லை. பொருள்களை நகர்த்தியும் பிரித்தும் அடிவரை சென்றும் பார்க்கும் தேடல் என்பதே அங்கே கருத்து.

அந்தத் தேடலை அருகிருந்து பார்த்தவர்களுக்கு அதில் உள்ள ஒழுங்கு புலப்படும். ராஜாஜி சாலையில் உள்ள சுங்க இல்லத்திலிருந்து வரும் குழுவினர் கப்பலில் ஏறியதும், முகவர் தரப்பில் நாங்கள் காகிதங்களோடு கேப்டனின் அறையில் காத்திருப்போம். மாலுமிகள் தத்தம் உடைமைகளை எழுதிக் கொடுத்த பட்டியல் ஒருபுறம் சரிபார்க்கப்படும். கப்பலின் மதுவும் சிகரெட்டும் வைத்திருக்கும் அறை, துறைமுகத்தில் நிற்கும்வரை திறக்காதபடி முத்திரையிடப்படும். தங்கள் பகுதியின் எழுத்தாளர் விரும்பிய ரம் புட்டிகளுக்கு இந்தக் கதையில் இடம் உண்டென்றால் அது அந்த அறைக்குள்தான். மற்றொருபுறம் டார்ச், கண்ணாடி, திருப்புளி, ஸ்பேனர் ஆகியவற்றோடு சிலர் உள்ளே இறங்குவார்கள். அறைச் சுவரின் ஒட்டுப்பலகையை அவர்கள் கண்டபடி பிய்ப்பதில்லை. முதலில் அதை இறுக்கியிருக்கும் திருகாணிகளின் தலையைப் பார்ப்பார்கள். பல ஆண்டுப் பெயின்ட் மூடிய திருகாணிகளுக்கு நடுவே ஒன்றின் பள்ளத்தில் மட்டும் உலோகம் பளிச்சென்று தெரிந்தால், அது அண்மையில் திருகப்பட்டது என்று பொருள். பிறகு விரலால் தட்டி ஒலியைக் கேட்பார்கள். எஞ்சின் அறையின் தரைத் தகடுகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, பார்த்ததை அதனதன் இடத்தில் பொருத்திவிட்டு அடுத்ததற்குப் போவார்கள். அப்படிப் பொருத்தாவிட்டால் எதைப் பார்த்தோம், எதைப் பார்க்கவில்லை என்று அவர்களுக்கே தெரியாமல் போய்விடும். தங்கமும் கைக்கடிகாரமும் வெளிநாட்டுத் துணியும் கப்பல் வழியாகக் கடத்தப்பட்ட காலத்தில் இந்தத் திறமைக்கு மிகுந்த மதிப்பு இருந்தது.

ஆகவேதான் நாளிதழ்களில் 'கப்பலைப் புரட்டிப் போட்டனர்', 'அறைகளைச் சூறையாடிச் சோதனை' என்றெல்லாம் தலைப்பு வரும்போது எனக்கு நெருடுகிறது. ஆங்கிலச் செய்திக் குறிப்பில் 'ரம்மேஜ்' என்று இருந்ததை, வீட்டு அலமாரிப் பொருளில் எடுத்துக்கொண்டு மொழிபெயர்த்ததன் விளைவு அது. சட்டப்படி நடந்த சோதனை அராஜகமாகத் தோன்றிவிடுகிறது. இதில் சுங்கத் துறைக்கு வக்காலத்து வாங்குவது என் நோக்கமன்று; முரட்டுத்தனமாகச் சோதனை நடந்த இடத்தில் அதை அப்படியே எழுதத்தான் வேண்டும். நடக்காத முரட்டுத்தனத்தை ஒரு சொல் சேர்த்துவிடக் கூடாது என்பதே என் வேண்டுகோள்.

'ரம்மேஜ் சேல்' என்னும் தொடரைப் பற்றித் தங்கள் பகுதி ஒன்றும் சொல்லவில்லை. பழைய துணிகளையும் பாத்திரங்களையும் குவித்து வைத்து, வருபவர்கள் கிளறி எடுத்துக்கொள்ளும்படி மேல்நாட்டுத் தேவாலயங்களும் சங்கங்களும் நடத்தும் நன்கொடை விற்பனைக்கு இன்று அப்பெயர். ஆனால் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது, துறைமுகத்தில் உரியவர் வந்து எடுக்காமல் தங்கிப்போன சரக்குகளின் விற்பனையைக் குறித்தது. இங்கும் அதே ஏற்பாடு பெயரின்றி நடக்கிறது: இறக்கிய 30 நாளுக்குள் விடுவிக்கப்படாத சரக்கை, உரியவருக்கு அறிவிப்புக் கொடுத்து, சுங்க அதிகாரியின் அனுமதியோடு விற்கலாம் என்று சுங்கச் சட்டத்தின் 48ஆம் பிரிவு கூறுகிறது. ஏல நாளில் கிடங்கு வாசலில் கூடும் வியாபாரிகள் தங்களுக்குள் பேசிக்கொண்டு விலையைக் கட்டுப்படுத்தும் சாமர்த்தியம் தனிக் கடிதத்துக்குரிய பொருள், இங்கே வேண்டாம்.

தமிழில் இதற்கு ஒரே ஒரு சொல்லைத் தேடுவதுதான் சிக்கலுக்கு வழிவகுக்கிறது. நம்மிடம் தேடலுக்குரிய சொற்கள் ஏராளமாக உள்ளன. ஒவ்வொன்றும் கை செய்யும் ஒரு வேலையிலிருந்து வந்தது. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கையை விட்டு அளைவது துழாவுதல். கோழி குப்பையைச் செய்வது கிளறுதல். அதில் பொருள் சிதறும். உள்ளே உள்ளே போவது குடைதல். தேங்காய் மூடியின் அடிவரை சுரண்டுவது துருவுதல்; அதில் மிச்சம் வைக்கக் கூடாது. தண்ணீரில் விரித்து விரித்துப் பார்ப்பது அலசுதல். தங்கள் பகுதி கொடுத்த 'கிளறுதல்' என்னும் சொல், கைப்பைக்குள் சாவியைத் தேடுபவருக்கும் பழைய புத்தகக் குவியலில் உட்கார்ந்திருப்பவருக்கும் மிகப் பொருத்தம். சுங்கச் சோதனைக்கு அது பொருந்தாது. அங்கே 'துருவிச் சோதனையிட்டனர்' என்று எழுதினால் சட்டத்தின் பொருளும் நிற்கும், படிப்பவருக்கும் தடையிருக்காது. முதற்பொருளாகிய சரக்கடுக்குதலுக்கு, 'அடுக்கு' என்னும் எளிய சொல்லே போதும். துறைமுகத் தொழிலாளர்கள் வேறெந்தச் சொல்லையும் பயன்படுத்தி நான் கேட்டதில்லை. 'அடுக்கு சரியில்லை' என்று மேஸ்திரி சொல்லிவிட்டால், ஏற்றிய மூட்டைகளை மீண்டும் பிரிக்க வேண்டியதுதான்.

1983இல் சென்னையில் கன்டெய்னர் முனையம் வந்தபின் அந்த அடுக்கும் மெல்ல மெல்ல வேறிடத்துக்குப் போய்விட்டது. பெட்டிக்குள் சரக்கு எங்கோ ஒரு கிடங்கில் ஏற்றப்படுகிறது. பெட்டிகள் கப்பலில் எங்கே அமர வேண்டும் என்பதைக் கணினியின் முன் அமர்ந்திருப்பவர் தீர்மானிக்கிறார். கனமானது கீழே, முதலில் இறங்குவது மேலே என்னும் பழைய இழுபறி மட்டும் மாறவில்லை. தப்பான பெட்டி மேலே இருந்தால் அதை எடுத்து வைத்துவிட்டு மீண்டும் ஏற்ற வேண்டியிருக்கிறது; அதற்குத் தனிக் கட்டணமும் உண்டு. ஹக்லூயிட் காலத்து ரோமேஜரை இங்கே கொண்டுவந்து நிறுத்தினால் கிரேனைக் கண்டு மிரள்வார். அடுக்குப் படத்தைப் பார்த்ததும் வேலையைப் புரிந்துகொள்வார்.

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் தங்கள் சொல் விளக்கப் பகுதியைக் கத்தரித்து நோட்டில் ஒட்டி வைக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். எங்கள் தெருவில் உள்ள படிப்பகத்தில் அவ்வாறு ஒட்டப்பட்ட நோட்டுகளைப் பார்த்திருக்கிறேன். எனவே அடுத்த ஞாயிறு இணைப்பில், ரம் பற்றிய வாக்கியத்தை நீக்கிவிட்டு, கப்பலில் சரக்கடுக்குதல் என்னும் மூலப்பொருளையும், துருவிச் சோதனையிடுதல் என்னும் சுங்கத் துறைப் பொருளையும், கலைத்துத் தேடுதல் என்னும் பொது வழக்கையும் இதே வரிசையில் திருத்தமாக வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இடம் குறைவென்றால் ஷேக்ஸ்பியரை விட்டுவிடலாம். சுங்கச் சட்டத்தின் 106ஆம் பிரிவை விட்டுவிட வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை.